வெள்ளிக்கிழமைக் குழாய்

அப்புவின் சாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கரண்டா?"

இல்லை. சர்க்கரை இருந்தது, பிறகு இருதயம். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் தேநீருக்கு எழுந்திருக்கவில்லை. ஆனால் ஃபிஜியில், எங்கள் பா பட்டணத்தில் ஒயர்மேன் செத்தால் கரண்டுதான் அடித்திருக்கவேண்டும் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. அவர் காதில் விழுந்திருந்தால் கோபம் வந்திருக்கும். "நான் வயர் இழுத்த வீட்டுல ஒரு கோழிகூட கரண்டுல செத்தது கிடையாது" என்பது அவர் கூச்சமே இல்லாமல் அடித்துக்கொள்ளும் பெருமை. யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் நாலாவது கிண்ணத்தில் அந்தக் கோழி தவறாமல் வந்துவிடும்.

அப்பு என் வீட்டுக்காரர். உயிரோடு இருந்தவரை நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத்தில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அவருடைய அப்பா கரும்பு வெட்டியவர். அப்பு சர்க்கரை ஆலையின் மின்சாரப் பட்டறையில் வேலை கற்று, லைசென்ஸ் வாங்கி, வெளியே வந்து தனியாக வீடுகளுக்கு வயர் இழுக்க ஆரம்பித்தார். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது பாவில் அவரைப்போல நிறையப்பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்விட்டார்கள். கையில் தொழில் இருந்தவர்களுக்குத்தான் அந்த நாடுகள் சீக்கிரம் கதவு திறந்தன. இவருக்கும் திறந்திருக்கும். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்க வயரெல்லாம் சுவத்துக்குள்ள போகுதாம். கண்ணுல படாத வயர எனக்குப் புடிக்காது" என்பார். அது உண்மையான காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போகிறவர்கள் கடைசியில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். சாமான்களெல்லாம் கேரியர் வண்டியில் ஏறியபிறகு இவர் போய் மெயினை அணைத்து, ஃபியூஸ்களைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிச் சாவியோடு வைப்பார். "இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு விளக்கு ஏத்தினவன் நான். அணைக்கிற வேலையும் எங்கிட்டதான் வருது" என்பார்.

வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது இணைப்பு கொடுக்கப் போனால் உடனே பெட்டியைத் திறக்கமாட்டார். அடுப்படிப் பக்கம் போய்ப் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பார். எந்த சுவிட்சை ஈரக்கையோடு தட்டுகிறீர்கள், எந்த பல்பு எப்போது மங்கும், செருப்பில்லாமல் எங்கே நிற்பீர்கள் என்று கேட்பார். ஆண்களுக்கு எரிச்சலாக இருக்கும். பெண்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். "வீட்டோட கெடக்கிறவங்களுக்குத் தெரியாதது மீட்டருக்கு என்ன தெரியும்? மீட்டர் சாட்சி மட்டும்தான் சொல்லும்" என்பார்.

இரண்டாயிரத்தில், கம்லா அக்காவின் வீட்டில், அந்த வழக்கம் கிட்டத்தட்ட தோற்றுப்போனது.

கம்லா அக்கா என் பெரியம்மா மகள். பட்டணத்துக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வீடு. வீட்டுக்காரர் இறந்தபிறகு ஒரே மகன் ரஜனேஷ், மருமகள் கரிஷ்மா, பேத்தி என்று இருந்தாள். அந்த மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கிகளோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். ரஜனேஷ் அதற்கு முன்பே ஆக்லாந்துக்கு எழுதிப் போட்டிருந்தான். ஜூலையில் மூன்று பேருக்கும் அனுமதி வந்தது. அக்காவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவள் போயிருப்பாளா என்பது வேறு கதை.

அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வெளியடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதுவரை கரிஷ்மா தூக்கினாள். இனி யார் தூக்குவது? ரஜனேஷ் கடையில் போய் மின்சார ஷவர் ஒன்று வாங்கிவந்தான். குழாயைத் திருப்பினால் வெந்நீர். சனிக்கிழமை நாந்தியில் விமானம். வெள்ளிக்கிழமை காலையில் அப்புவைக் கூட்டிக்கொண்டு போனான். அக்காவுக்குத் துணையாக இருக்க நானும் போனேன். நான் வேலைபார்த்த பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை.

"சித்தப்பா, இது மட்டும் ஓடிருச்சுன்னா நான் நிம்மதியா போவேன்" என்றான் ரஜனேஷ் வழியிலேயே. அவன் தமிழ் கொஞ்சம் தடுமாறும். அம்மாவிடம் பேசிப் பேசி வந்த தமிழ்.

"ஓடவைக்கிறது சுலபம்டா. நிறுத்தவேண்டிய நேரத்துல நிக்கணும், அதான் வேலை" என்றார் அப்பு.

அந்த நாட்களில் மலைமேல் மின்சாரம் எடுக்கும் அணைக்கட்டில் தகராறு. கரண்டு முறைவைத்துத்தான் வந்தது. நாங்கள் போனபோது இல்லை, மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். கரண்டு இல்லாமல் பார்க்கவேண்டியதையெல்லாம் இப்போதே பார்த்துவிடலாம் என்று அப்பு மெயினை அணைத்து, புது சர்க்யூட்டுக்கான தடித்த வயரைச் சுவிட்சுப் பலகையிலிருந்து குளியலறைவரை இழுத்துப் பொருத்தினார். இணைக்கவில்லை. கசிவு பார்க்கிற, கைப்பிடியைச் சுற்றும் மெகர் பெட்டியை எடுத்துவைத்து வயரைச் சோதித்தார். முள் ஏறி மேலேயே நின்றது. பழைய வயர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எர்த் கம்பி மண்ணில் இறங்கும் இடத்தில் கிளாம்பை ஆட்டிப்பார்த்தார். தண்ணீர்க் குழாயோடு அது சேர்கிற இடத்தையும் சுரண்டிப்பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன.

இடையில் தன் வழக்கப்படி கேள்வியும் கேட்டார். கரிஷ்மா வடக்குத் தீவு லம்பாசாக்காரி. தமிழ் புரியும், பதில் இந்தியில்தான் வரும். இஸ்திரி போட்டால் கூடத்து பல்பு மங்குகிறது என்றாள்.

"அது எல்லா வீட்லயும்தான், சித்தப்பா. கம்பத்துல வர்ற கரண்டே சோனி" என்றான் ரஜனேஷ்.

அப்பு அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா அக்கா? கையில பொடுக்குன்னு, சுருக்குன்னு?"

"எனக்கு என்ன தெரியும் தம்பி. நான் சுவிட்சக்கூட தொடுறதில்ல" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது பொய்யில்லை. சுவிட்சை அவள் தொடுவதில்லைதான்.

கரண்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். கரிஷ்மா டின் மீன் குழம்பும் தலோக் கிழங்கும் செய்திருந்தாள். நாளைக்கு இந்நேரம் இந்தப் பாத்திரங்கள் யாருக்கு என்று எல்லோருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்ததால் பேச்சு எழும்பவில்லை. அக்கா வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டாள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

"எல்லாருந்தான் போறாங்க. அவளும் போயிட்டா போல. பிளேன் ஏறிட்டாளோ என்னவோ."

"யாருக்கா?" என்றேன்.

அக்கா தயங்கினாள். அம்மன் வருவதை வெளியே சொல்வது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. சொன்னால் நின்றுவிடும் என்பார்கள். ஆனால் நின்றுவிட்டது என்றே அவள் நினைத்தாள், அதனால் சொன்னாள். தோட்டத்தில் வேப்பமரம் இருக்கிறது. அதன் கீழ் மாரியம்மனுக்கு ஒரு கல். பக்கத்தில் தண்ணீர்க் குழாய். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு, வெறுங்காலோடு போய்க் குழாயைத் திறந்து மரத்துக்கு ஊற்றுவாள். குழாயைத் தொட்டதும் விரலில் ஜிவ்வென்று ஏறி முழங்கைவரை போகும். அம்மன் வந்துவிட்டாள் என்று கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வருஷக்கணக்காக நடக்கிறது.

"மத்த நாள்ல வந்தாலும் லேசாத்தான். வெள்ளிக்கிழமைதான் நல்லா வருவா. போன வெள்ளி வரல. இன்னிக்கும் வரல. புள்ளய அனுப்புறேன்னு கோவமோ என்னவோ."

"போன வெள்ளி காலையில கரண்டு ஏது" என்றாள் கரிஷ்மா இந்தியில், தட்டைப் பார்த்தபடி. "இஸ்திரிகூட போட முடியல. ஆபீஸ் சட்டையெல்லாம் வெள்ளிக்கிழமைதான போடுவேன்."

அப்பு ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

அவர் முகத்தை நான் பார்த்தேன். எப்போதும் ஏதாவது கிண்டலுக்குத் தயாராக இருக்கிற முகம். அதில் ஒன்றுமே இல்லை.

"அக்கா" என்றார். "கரண்டு வந்தப்புறம் அந்தக் குழாய்கிட்ட போகக்கூடாது. யாரும். பாப்பாவ உள்ள வச்சுக்க கரிஷ்மா."

"கா பயா, சித்தப்பா?" என்றான் ரஜனேஷ், என்ன ஆயிற்று என்று. பதறினால் அவனுக்கு இந்திதான் வரும்.

அப்பு எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் ஈர மண்ணில் ஒரு நீளக் கம்பியை அடித்து இறக்கினார். சோதனை மீட்டரின் ஒரு வயரைக் கம்பியில் மாட்டினார், இன்னொன்றைக் குழாயில். மெயினை மறுபடி போட்டுவிட்டு வந்திருந்தார், கூடத்து பல்பு எரிந்ததும் கரண்டு வந்துவிட்டது என்று தெரிந்தது. முள் லேசாக அசைந்தது.

"கரிஷ்மா, இஸ்திரிப் பெட்டியப் போடு."

ஜன்னல் வழியாக அவள் போட்டேன் என்று கத்தினாள். முள் சாய்ந்து எழுந்தது.

"அணை."

விழுந்தது.

"போடு."

எழுந்தது. ரஜனேஷ் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னொரு தரம் போடச் சொன்னது அவன்தான். அக்கா படியில் நின்று, மருமகள் போடு அணை என்பதற்கெல்லாம் அம்மன் வந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பு விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கரண்டு ஒரு வயரில் வீட்டுக்குள் வருகிறது, இன்னொன்றில் கம்பத்துக்குத் திரும்பிப் போகிறது. திரும்பும் வயர் எங்கேயோ அரைகுறையாக அறுந்திருக்கிறது. வழி இல்லாத கரண்டு எர்த் கம்பி, தண்ணீர்க் குழாய், ஈர மண் என்று கிடைத்த பாதையில் போகிறது. அந்தப் பாதையில் அக்கா நிற்கிறாள். வீட்டு வயரில் கோளாறு இல்லை, அதனால்தான் காலையில் செய்த சோதனையில் ஒன்றும் சிக்கவில்லை. கோளாறு வீட்டுக்கு வெளியே, மெயினுக்கும் முன்னால்.

"இஸ்திரிக்கே முழங்கைவரைக்கும் ஏறுது" என்றார். "இந்த ஷவர் அதுமாதிரி மூணு மடங்கு இழுக்கும். அதுக்கு அடியிலதான் அக்கா தலையோட நனைஞ்சு நிக்கப்போறாங்க."

ரஜனேஷ் படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஏணி வைத்துக் கூரை ஓரத்து இறவாணத்தைப் பார்த்தார்கள். கம்பத்திலிருந்து வரும் வயர் வீட்டு வயரோடு சேரும் இடம் அங்கேதான். அப்பு கை வைக்காமல் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கறுப்பு டேப் உருண்டையாகச் சுற்றி, அதன்மேல் வீட்டுக்கு அடித்த அதே பச்சை பெயிண்ட் பூசியிருந்தது. விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"யாருக்கா இங்க கை வச்சது?"

"அவருதான்" என்றாள் அக்கா. "புயல்ல கூரை போனப்ப. ஆள் வர நாளாகும்னு அவரே முறுக்கிக் கட்டினாரு."

அப்பு ஏணியிலிருந்து இறங்கினார். கீழே வந்தபோதுதான் அவருடைய பழைய முகம் திரும்பிவந்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து கையப் புடிச்சது மாரியாத்தா இல்லக்கா. உங்க வீட்டுக்காரரு."

அக்கா இறவாணத்தை நிமிர்ந்து பார்த்தாள். "உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் புடிக்கல" என்றாள். பிறகு சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கரிஷ்மாவுக்கு முழுவதும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ரஜனேஷ் மட்டும் சிரிக்கவில்லை.

"இப்ப என்ன செய்றது சித்தப்பா? நாளைக்கு பிளேன்."

"அது நான் தொடக்கூடாத இடம். கம்பத்துல ஃபியூஸ எடுத்தாத்தான் தொடமுடியும். லைன்காரங்க வரணும். திங்கக்கிழமை வருவாங்க."

"நீங்க ஷவர மாட்டிட்டுப் போங்க. சுவிட்ச திங்கக்கிழமை போட்டுக்கலாம்."

"மாட்டின சுவிட்ச யாராவது தட்டுவாங்க. மாட்டமாட்டேன்."

"எங்கம்மாவ இருட்டுல விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

"இருட்டு ஒண்ணும் செய்யாதுடா. எங்கப்பன் காலத்துல எல்லாம் இருட்டுதான்." மெயினை அணைத்து, அதன்மேல் டேப்பைச் சுற்றினார். "நிம்மதியா போகணும்னு சொன்ன. நேத்தே போயிருந்தீன்னா நிம்மதியாத்தான் போயிருப்ப. இன்னிக்கு உண்மையோட போ."

கடுமையாகத்தான் சொன்னார். ரஜனேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அப்பு அவன் கழுத்தில் கை வைத்து ஒரு தரம் உலுக்கினார். அது அவருடைய மன்னிப்பு. வேறு விதமாகக் கேட்க அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் அக்கா வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். அப்பு போய்ப் பக்கத்தில் நின்றார்.

"அப்ப அவ வரவே இல்லியா, தம்பி?"

எல்லோரையும் கிண்டல் செய்கிறவர் அதற்குக் கிண்டலாகப் பதில் சொல்லவில்லை. "எனக்குக் கரண்டு கணக்குதான் தெரியும்க்கா. அவ கணக்குத் தெரியாது. குழாயில இருந்தது கரண்டு. அவ்வளவுதான் சொல்லமுடியும்."

அக்கா யோசித்தாள். "ரெண்டு வெள்ளி வராம இருந்து சொல்லிட்டா" என்றாள். அதோடு அவளுக்குச் சரியாகிவிட்டது.

"எந்தக் கையால தொடுவீங்க?"

அக்கா காட்டினாள். புறங்கையால். சாமிக்குரியதை உள்ளங்கையால் பிடிக்கக்கூடாது, புறங்கையால் ஒற்றிக் கண்ணில் வைக்கவேண்டும் என்று அவள் மாமியார் சொல்லிக்கொடுத்ததாம். திருகுவதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும் அப்படித்தான். ஏறினால் இறங்கும்வரை காத்திருந்து, துணியைச் சுற்றித்தான் திருகுவாள்.

வீட்டுக்கு நடந்துவரும்போது அப்பு அதையே சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளங்கையால் பிடித்திருந்தால் விரல்கள் மடங்கிக் குழாயோடு பூட்டிக்கொண்டிருக்கும் என்றார். ஆலைப் பட்டறையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதானாம். சந்தேகமான எதையும் புறங்கையால் தொடு.

சனிக்கிழமை ரஜனேஷ் போனான். அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, கேரியரில் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை போய் மெயினில் டேப் இருக்கிறதா என்று பார்த்துவந்தான். எனக்கு அதைப் பார்க்க வேதனையாகவும் இருந்தது, சமாதானமாகவும் இருந்தது. அந்த இரண்டு ராத்திரியும் அக்கா எங்கள் வீட்டில் படுத்தாள்.

திங்கட்கிழமை ஜோசஃபா வந்தான். கம்பத்து வேலைக்காரன், மலைப்பக்கத்து ஃபிஜியன், அப்புவோடு கிண்ணம் பகிர்கிறவன். ஃபியூஸை எடுத்துவிட்டு டேப் உருண்டையை அறுத்தான். உள்ளே சாம்பலாக உதிர்ந்தது. ஓரிரண்டு இழைகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

"ஈ கோன் கரிஸ்?" என்றான். யார் செய்த வேலை என்று.

அப்பு வானத்தைக் காட்டினார். ஜோசஃபா தொப்பியைக் கழற்றி வானத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புது இணைப்பைக் கொடுத்தான்.

பிறகு அப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்தார். வயர், எர்த், குழாய். இஸ்திரிப் பெட்டியை நான் போட்டேன், நான் அணைத்தேன். முள் அசையவே இல்லை. எங்கள் வீட்டு ஹீட்டரையும் கொண்டுவந்து மாட்டச் சொன்னார். அசையவில்லை. கடைசியில்தான் ஷவரை இணைத்தார். முதலில் அவரே குழாயைத் தொட்டார், புறங்கையால். தண்ணீரை ஓடவிட்டு மறுபடி தொட்டார். பிறகு வெளியே வந்து, "அக்கா, போங்க" என்றார்.

கதவுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். தகரச் சுவரில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்பு சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைபோல அசையாமல் நின்றார். உள்ளேயிருந்து அக்கா பேசுகிறாளா என்று காதைக் கொடுத்தேன். பாடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆக்லாந்திலிருந்து போன் வந்தது.

"குளிச்சீங்களாம்மா?"

"குளிச்சேன். சூடு ஜாஸ்தி" என்றாள் அக்கா. "உங்க சித்தப்பன் குறைக்கத் தெரியாம வச்சிருக்கான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அக்கா அதற்குப் பிறகும் போகவில்லை. மறுமுறை அனுமதி வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தவில்லை. குழாயைப் புறங்கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் திறப்பாள். "இப்ப சும்மாதான் இருக்கு. இருந்தாலும் பாத்துக்கிறது நல்லதுதான" என்பாள். அப்பு அதைக் கேட்டு, இந்த ஊரில் வாராவாரம் சோதனை செய்கிற ஒரே வீடு இதுதான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அவருடைய சாவுக்கு வந்தவர்களில் கரண்டா என்று கேட்காதவள் கம்லா அக்கா ஒருத்திதான். இப்போது குச்சி ஊன்றித்தான் நடக்கிறாள். எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது எங்கள் வீட்டில் குளிக்க இடமில்லாத கூட்டம். அக்கா என் கையைப் பிடித்து, "எங்க வீட்டுக்கு வா ப்ரேமி. வெந்நி இருக்கு" என்றாள்.

போனேன். அந்தத் தகரக் குளியலறையில் நின்றேன். அவர் மாட்டிய ஷவர் இல்லை அது, ரஜனேஷ் இரண்டு முறை மாற்றி அனுப்பிவிட்டான். வயர் அவர் இழுத்தது. சுவரோரமாக, கண்ணில் படும்படி, நேராகப் போகிறது. வெளியே அக்கா, "தொட்டுப் பாத்துட்டுத் திற" என்றாள்.

புறங்கையால் தொட்டேன். ஒன்றும் இல்லை. வெறும் குளிர்ந்த இரும்பு.

திருப்பினேன். வெந்நீர் வந்தது.